கிளட்ச் பெடல் கரகரக்குதா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மைசூரு அக்ரஹாரம் வட்டத்தைச் சாயங்கால நெரிசலில் கடப்பது கிளட்சுக்கு ஒரு தேர்வு மாதிரி. முதல் கியர், நியூட்ரல், மறுபடியும் முதல் கியர். பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு மணி நேரம் கிளட்சைத் தொடாமலே வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், இங்கேதான் தன் குறையைக் காட்டும். பெடல் வழுக்கிக்கொண்டு இறங்காமல் மணலில் தேய்ப்பதுபோல் இறங்கும். பாதியில் 'டக்' என்று எதையோ தட்டும். அல்லது ஒரு மெல்லிய அதிர்வு செருப்பின் அடிவரை வரும்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கிளட்ச் செட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்." சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெடலில் தெரியும் கரகரப்புக்கான காரணங்களில் பல, கியர்பாக்ஸுக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. தேய்ந்த ஒரு புஷ், பிரிந்துபோன ஒரு கேபிள், காய்ந்துபோன ஒரு மூட்டு. இவற்றைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கினால், புது கிளட்ச் போட்ட பிறகும் அதே கரகரப்பு அப்படியே இருக்கும்.

எதை, எந்த வரிசையில் சோதிப்பது? பார்க்கலாம்.

சுருக்கமாக

- இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கரகரப்பு இருந்தால் முதல் சந்தேகம்: பெடல் மூட்டு, கேபிள், சிலிண்டர், ஃபோர்க்.
- இன்ஜின் ஓடும்போது மட்டும் இருந்தால் முதல் சந்தேகம்: ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்.
- பெடலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.
- கேபிள் கார்களில் கரகரப்பு என்பது, கேபிள் அறுவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது?

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதிக்கும்போது அந்த விசை கேபிள் வழியாகவோ, ஹைட்ராலிக் சிலிண்டர்கள் வழியாகவோ கியர்பாக்ஸ் வாசலில் இருக்கும் ஃபோர்க்குக்குப் போகிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங், பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் விரல்களை அழுத்துகிறது. பிடி விடுகிறது, பிளேட் தனியாகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் கால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நகர்ந்தால், உள்ளே ரிலீஸ் பேரிங் நகர்வது சுமார் 1 சென்டிமீட்டர்தான். அதாவது அந்த முனையில் 1 மில்லிமீட்டர் வீணானால், காலுக்கு 1.5 சென்டிமீட்டர் வீணாகத் தெரியும். பெடலுக்கு மட்டும் 5-க்கு 1 என்ற நெம்பு விகிதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், பெடல் பின்னில் 1 மில்லிமீட்டர் தேய்மானம் காலடியில் 5 மில்லிமீட்டர் ஆட்டமாக மாறும். பழைய காரில் கண்ணுக்கே தெரியாத தேய்மானம்கூட காலுக்குத் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

'கரடுமுரடு' என்றால் எது?

மெக்கானிக்கிடம் "பெடல் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஊகிக்கத்தான் முடியும். முதலில் உணர்வைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

- கரகரப்பு: மிதிக்கும் தூரம் முழுக்க மணல் உரசுவதுபோல். கேபிள், காய்ந்த மூட்டு, ரிலீஸ் பேரிங் வழுக்கும் குழாய்.
- 'டக்' என்ற படி: குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும். தேய்ந்து நீள்வட்டமான பின் துளை, உடைந்த புஷ், அல்லது பெடலுக்கு உதவும் ஸ்பிரிங்.
- கீச் சத்தம்: பெடல் மூட்டிலோ ஃபோர்க் மூட்டிலோ கிரீஸ் இல்லை.
- அதிர்வு: இன்ஜின் ஓடும்போது மட்டும், காலில் துடிப்பதுபோல். ரிலீஸ் பேரிங், சமமாக இல்லாத ஸ்பிரிங் விரல்கள்.
- கனம்: வழக்கத்தைவிட அழுத்தம் அதிகம் தேவை. கேபிள், ஃபோர்க் தண்டு, அல்லது தேய்ந்த கிளட்ச். பிளேட் தேயத் தேய பெடல் கனமாவது வழக்கம்.

பெடலை விட்டு வண்டி கிளம்பும்போது மட்டும் குலுங்கினால், அது வேறு விஷயம். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜின் மவுண்ட் போயிருக்கலாம். இந்தக் கட்டுரையின் சோதனைகள் அதற்குப் பொருந்தாது.

சோதனை 1: இன்ஜினை அணைத்துவிட்டு, கையால்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் விடுங்கள். முதலில் கால்மிதியடியை எடுத்துப் போடுங்கள். பெரிய சைஸ் ரப்பர் மேட் பெடலில் உரசியே பலரை அலைய வைத்திருக்கிறது.

இப்போது குனிந்து, பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். காலைவிடக் கை நுணுக்கமாக உணரும். இன்னொரு கையை பெடல் மூட்டின் மேல் வையுங்கள். கரகரப்பு விரல்களில் தெரிந்தால், காரணம் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். பெடலை இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது.

இன்ஜின் ஓடாதபோதும் கரகரப்பு அப்படியே இருந்தால், சுற்றும் பாகங்கள் மீது சந்தேகம் குறைகிறது. நேர்க்கோட்டில் நகரும் பாகங்கள் மீது கூடுகிறது. இந்த ஒரு சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிடம் போதும்.

சோதனை 2: ஒவ்வொன்றாகக் கழற்றி

*கேபிள் கார் என்றால்:* கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு பெடலை அசைத்துப் பாருங்கள். பிறகு பெடல் பக்கமும் கழற்றி, உள் கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளுங்கள். வெண்ணெய் மாதிரி ஓட வேண்டும். சிக்கினால் கேபிளை மாத்திடுங்க. உள்ளே இருக்கும் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உறையில் கீறும்போதுதான் அந்த மணல் உணர்வு வரும். அப்படியே விட்டால் ஒருநாள் மொத்தமாக அறும்.

உள்ளே நைலான் உறை இருக்கும் கேபிளுக்கு ஆயில் ஊற்றாதீர்கள். அது தூசியைப் பிடித்து இன்னும் சிக்கலாக்கும். கேபிள் போகும் வழியில் கூர்மையான வளைவோ, சைலன்சர் குழாயின் சூடோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. புது கேபிள் போட்டும் சீக்கிரமே கெட்டுப்போனால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது துருப்பிடித்துத் தொடர்பு விட்டிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது போகும் பெரிய மின்னோட்டம் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உள்உறை உருகிவிடும்.

*ஹைட்ராலிக் கார் என்றால்:* மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியைப் பெடலிலிருந்து கழற்றுங்கள். பெடல் மட்டும் தனியாக அசையும்போது கரகரப்பு இருந்தால் மூட்டும் புஷ்ஷும்தான் குற்றவாளி. இல்லையென்றால் சிலிண்டருக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டும். கழற்றிய பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் இடுப்புபோல் குறுகியிருந்தால் தேய்ந்துவிட்டது. துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்டு பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். சில கார்களில் பெடலுக்கு உதவ ஒரு ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். அதைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

சோதனை 3: இன்ஜின் ஓடும்போது, காதால்

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு பெடலை மெதுவாக மிதியுங்கள்.

- மிதிக்கத் தொடங்கியதும் உறுமலோ சீறலோ வந்தால்: ரிலீஸ் பேரிங்.
- மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால்: கியர்பாக்ஸின் இன்புட் தண்டு பேரிங்.
- முழுவதும் மிதித்து கியர் போட்ட நிலையில் மட்டும் சத்தம் வந்தால்: ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். கியர் போடுவதால் பிரேக்கையும் அழுத்தி வையுங்கள்.

இந்த மூன்றும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலைகள்தான். ஆனால் இப்போது காரணம் தெரிந்து இறக்குகிறீர்கள். அதுதான் வித்தியாசம்.

'பிரேக் ஆயில்' சொல்லும் சேதி

ஹைட்ராலிக் கிளட்சில் ஓடுவது பிரேக்கில் ஓடும் அதே திரவம். கடையில் பிரேக் ஆயில் என்றுதான் கேட்கிறோம். ஆனால் அது ஆயில் இல்லை. இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ உள்ளே போனால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். சீல்களுக்கு அருகே ரப்பருக்கு ஒத்துப்போகும் கிரீஸ் மட்டும்தான்.

இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரி. ஈரம் சிலிண்டரின் உள்சுவரில் துருப்புள்ளிகளையும் உண்டாக்கும். அந்தப் புள்ளிகளின் மேல் சீல் ஏறி இறங்கும்போது காலில் கரகரப்பு தெரியும். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற காரில் இது சகஜம்.

- திரவம் கறுப்பாக இருந்தால் சீல் கரைகிறது.
- மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே பெடலின் பின்புறத்தையும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியையும் விரலால் தடவிப் பாருங்கள்.
- பெடல் மெதுவாகத் திரும்பி வந்தால், வளையும் ஹோஸ் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது இதில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

எந்தக் காரில் எங்கே முதலில் பார்ப்பது?

எம்ஜி பி (1962–1980): ஹைட்ராலிக் கிளட்ச். தள்ளுகம்பியைப் பெடலோடு இணைக்கும் பின்னும் அதன் துளையும் தேய்வது இதன் பழைய நோய். ரிலீஸ் பேரிங் உருளைகளால் ஆனதில்லை, கார்பன் வளையம். சிக்னலில் பெடலை மிதித்தபடியே காத்திருந்தால் கார்பன் வேகமாகத் தேயும்.

போர்ஷே 911 (1986 வரையான மாடல்கள்): கேபிள் கிளட்ச். பெடல்கள் தரையில் மூட்டு வைத்து நிற்பவை என்பதால் ஈரமும் தூசியும் அங்கேதான் சேரும். பிளாஸ்டிக் புஷ் தேய்வதும், தண்டு துருப்பிடிப்பதும் வழக்கம். வெண்கலப் புஷ் போடுவது பரவலான தீர்வு. 1987 மாடலில் புதிய கியர்பாக்ஸோடு ஹைட்ராலிக் வந்தது.

மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை (1989–1997): ஹைட்ராலிக். ஸ்லேவ் சிலிண்டர் சீல் கசிவது பிரபலம். சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதால் எதையும் இறக்காமலே மாற்றலாம்.

ஹோண்டா எஸ்2000 (1999–2009): பெடலில் அதிர்வும் கீச் சத்தமும் வந்தால் முதலில் ஃபோர்க் முனைகளில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரை விலக்கி, வெளியிலிருந்தே கிரீஸ் வைக்க வழி இருக்கிறது.

போர்ஷே பாக்ஸ்டர், முதல் தலைமுறை (1996–2004): ரிலீஸ் பேரிங் வழுக்கும் குழாயில் பள்ளம் விழுந்தால் பெடல் சிக்கிச் சிக்கி இறங்கும். இதற்குக் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டுத் தயாரிப்பும் ஒன்று உண்டு. 1990-களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம், ஃபைபர் உடலும் ரெனோவின் 1,149 சிசி இன்ஜினும் கொண்ட இரண்டு இருக்கை கார். இப்படிப்பட்ட அரிய கார்களுக்குப் பாகம் தேடும்போது பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பது பலன் தரும். கிளட்ச் பிளேட்டின் விட்டம், நடுவில் உள்ள பற்களின் எண்ணிக்கை, கேபிளின் உள்நீளம், வெளிநீளம். பெங்களூரு ஜே.சி. ரோடானாலும் சென்னை புதுப்பேட்டையானாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மைசூருவுக்கும் கிளட்சுக்கும் ஒரு பழைய உறவு

யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, எஸ்டி பைக்குகளைத் தயாரித்தது. ஜாவாவில் ஒரு வசதி உண்டு: கியர் லிவரை மிதிக்கும்போதே அது உள்ளே கிளட்சையும் கொஞ்சம் விடுவித்துவிடும். கிளட்ச் என்பது பிளேட் மட்டும் அல்ல, அதை இயக்கும் நெம்புகளும் சேர்ந்தது என்பதற்கு அந்த பைக் நல்ல பாடம். அதைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக் உங்கள் பக்கத்தில் இருந்தால், பெடல் விஷயத்தில் அவர் கையை நம்பலாம்.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால்?

செலவில் பெரும்பங்கு இறக்கி ஏற்றும் கூலிதான். அதனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபோர்க் மூட்டு, வழுக்கும் குழாய், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல். ஃபோர்க் வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லையென்றால் தூசி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கியர்பாக்ஸ் தண்டில் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும். அப்பினால் சுற்றும்போது தெறித்து பிளேட்டில் பட்டு, புது கிளட்சே வழுக்கும்.

முக்கியமாக, பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். இது உங்களைவிட அந்த மெக்கானிக்கின் நுரையீரலுக்கு முக்கியம்.

இப்படியே ஓட்டிக்கொண்டு ஊட்டி போகலாமா?

கீச் சத்தம் மட்டும் என்றால், கிரீஸ் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்: கேபிள் கரகரக்கிறது, திரவ மட்டம் இறங்குகிறது, பெடல் சில நேரம் தரையோடு நின்றுவிடுகிறது, கியர் போடும்போது உரசல் சத்தம் வருகிறது.

காரணம் பாதை. மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகப் போனால் வருவது பந்திப்பூர் புலிகள் காப்பகம். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தக் காட்டுச் சாலையில் பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அதைத் தாண்டி மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில், பின்னால் வண்டிகள் நிற்க, முதல் கியரில் கிளட்ச் கைவிட்டால் காரை ஓரங்கட்டக்கூட இடம் கிடைக்காது.

வழியில் ஹைட்ராலிக் பெடல் திடீரென்று இளகினால், வேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பினால், வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக அது போதும். பயணத்தைத் தொடர அல்ல. கேபிள் அறுந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. ஹசார்டு விளக்கைப் போட்டு, டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

சோதித்தவற்றை நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். எந்த மாதிரி உணர்வு. பெடலின் எந்த இடத்தில். இன்ஜின் அணைந்தபோதும் இருக்கிறதா. சூடான பிறகு கூடுகிறதா. இதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேபிளையோ தள்ளுகம்பியையோ கழற்றி பெடலைத் தனியா பாத்தீங்களா?"

பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார் என்றால் தைரியமாகச் சம்மதிக்கலாம். பார்க்கவில்லை என்றால், அந்த அரை மணி நேர வேலைக்கான கூலியைக் கொடுத்து முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.